அதான் ரோடு இருக்கே!

வீட்டுக் கூடத்தில் லாரல் ஹார்டி படம் ஓடுகிறது. ஒல்லியாக ஒருவர், குண்டாக ஒருவர், ஒரு பெரிய மரப்பெட்டி, ஏறி மாளாத படிக்கட்டு. குழந்தைகள் தரையில் உருண்டு சிரிக்கின்றன. நாற்காலியில் இருக்கும் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. படிக்கட்டின் உச்சியை உற்றுப் பார்க்கிறார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார். கையிலிருந்த முறுக்கைத் திரும்பத் தட்டில் வைக்கிறார். இந்த அறிகுறி அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்: முறுக்கு கீழே இறங்கினால் கருத்து மேலே வரப்போகிறது. வந்தே விடுகிறது. “ஏம்ப்பா, மேல அவ்ளோ பெரிய வீடு இருக்குன்னா அதுக்கு ஒரு ரோடு இருக்காதா? வீடு கட்டுறப்போ செங்கல், மணல் எல்லாத்தையும் இந்தப் படி வழியாத்தான் தூக்கிட்டுப் போனானா?”

இவருக்குப் பெயர் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. கருத்து கந்தசாமி என்று தமிழ்நாடே கூடிப் பெயர் வைத்தாயிற்று. சில வீட்டில் பெரியப்பாவாக இருப்பார், சில வீட்டில் மூத்த மாப்பிள்ளையாக இருப்பார். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே இந்தப் பதவியை அடைந்துவிட்டவர்கள் உண்டு. கவனித்துப் பார்த்தால், சோகப் படத்தில் இவர் தொந்தரவு தர மாட்டார். சண்டைப் படத்தில் கதாநாயகன் ஒற்றைக் கையால் இருபது பேரைப் பறக்கவிட்டாலும், “ஹீரோன்னா அப்படித்தான்” என்று பெருந்தன்மையாக விட்டுவிடுவார். சிரிப்புப் படம் என்றால்தான் கோர்ட் கூடும், சாட்சிகள் அழைக்கப்படுவார்கள், லாஜிக் என்ற சட்டப் புத்தகம் திறக்கப்படும். இதற்குக் காரணம் இருக்கிறது. அழுகையைத் தொண்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். சிரிப்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு தொப்பி படியில் உருண்டதற்காக நாலு பேர் முன்னால் தொப்பை குலுங்கிவிட்டால் குடும்பத்தில் தன் கௌரவம் என்னாவது என்ற கவலை இவருக்கு. கருத்து என்பது அந்தக் கௌரவத்துக்கு இவர் எடுத்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ்.

இவர் சொல்வது தவறு என்று வாதாட முடியாது. படிக்கட்டு விஷயத்தில் இவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ரோடு இருக்கிறது. படமே அதை ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்வதோடு நிற்காமல், 1932-இலேயே கந்தசாமியை வரவழைத்து, தொப்பி மாட்டி, திரைக்கு உள்ளேயே ஒரு வேடமும் கொடுத்துவிட்டது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவதாக இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அந்தப் படத்தின் கடைசி உதிரிபாகம் இவர்தான்; இவர் வாய் திறக்கும்வரை படம் முழுமையடைவதில்லை.

‘தி மியூசிக் பாக்ஸ்’ என்ற அந்தப் படம் ஏறக்குறைய 29 நிமிடம் ஓடும். ஹால் ரோச் தயாரிக்க, ஜேம்ஸ் பாரட் இயக்கியது. கதையை ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். ஓர் அம்மாள் தன் கணவரின் பிறந்தநாளுக்காக, தானாகவே இசைக்கும் பியானோ ஒன்றை வாங்குகிறார். அதைக் குதிரை வண்டியில் கொண்டுபோய் வீட்டில் சேர்க்க வேண்டியது லாரல், ஹார்டியின் பொறுப்பு. இந்த இருவரும் தொழில் தொடங்கப் போட்ட முதல் 3 டாலர் 80 சென்ட். வண்டியில், நிறுவப்பட்ட ஆண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இரண்டு எழுத்து கூடிப்போய், ‘மூழ்கியது 1931’ என்று பொருள்படும்படி எழுதியிருக்கிறது. கந்தசாமி இதையெல்லாம் பார்ப்பதில்லை. அவர் கண் பெட்டியின் எடையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

இனி, படம் கந்தசாமிக்குக் கொடுத்த அந்த வேடத்துக்கு வருவோம்: ஒரு தபால்காரர். படத்தின் தொடக்கத்தில், விலாசம் தெரியாமல் நிற்கும் இருவரும் தெருவில் வரும் ஒரு தபால்காரரைக் கேட்கிறார்கள். சார்லி ஹால் என்ற நடிகர். லாரல் ஹார்டி படங்களில் அடிக்கடி தலைகாட்டி வம்பில் மாட்டிக்கொள்பவர். அவர் அண்ணாந்து பார்த்து, அதோ, படிக்கட்டின் உச்சியில் இருக்கும் வீடு என்று கை காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதன் பிறகு நடப்பதுதான் படம். பெட்டி ஏறுகிறது, சறுக்குகிறது, ஹார்டியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறது, மறுபடி ஏறுகிறது. பொழுது சாய்கிறது. கடைசியில் எப்படியோ மேலே கொண்டுவந்து சேர்த்து, மூச்சு வாங்கி நிற்கும்போது அதே தபால்காரர் வருகிறார். இதையா படிவழியாகத் தூக்கி வந்தீர்கள், அப்படிச் சுற்றிக்கொண்டு போகும் ரோட்டில் வண்டியிலேயே வாசல்வரை வந்திருக்கலாமே என்கிறார். காலையில் படியைக் காட்டிய கைதான் இப்போது ரோட்டையும் காட்டுகிறது. அந்த முகத்தில் சின்ன உறுத்தல்கூட இல்லை. கந்தசாமி வம்சத்தின் இலக்கணமே அதுதான். யோசனை எப்போதும் வேலை முடிந்த பிறகு வரும். அதற்கான கூலி வேறு ஒருவர் முதுகில் ஏறும்.

பதிலுக்கு அந்த இருவரும் என்ன செய்கிறார்கள்? சாதாரண மனிதன் தபால்காரரை முறைத்துவிட்டு, பெட்டியை வீட்டுக்குள் தள்ளியிருப்பான். ஹார்டியின் முகத்தில் கோபமே இல்லை. அடடா, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற வருத்தம் மட்டும்தான். இருவரும் பெட்டியைத் தூக்குகிறார்கள். இத்தனை நேரம் தானாக உருண்டு போன பியானோவை இப்போது தாங்களே அலுங்காமல் குலுங்காமல் படிப்படியாகக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, ரோட்டைச் சுற்றிக்கொண்டு, ஏற்கெனவே நின்ற அதே வாசலுக்கு வந்து சேருகிறார்கள். படத்திலேயே ஆகப் பெரிய சிரிப்பு இதுதான் என்பது என் கட்சி. இதற்கு முந்தைய சறுக்கல்களை விபத்து என்று சொல்லிவிடலாம். இந்த இறக்கத்தில் ஒரு தவறும் நடக்கவில்லை. யாரும் தடுக்கி விழவில்லை, யாரும் குறுக்கே வரவில்லை. சரியான கருத்து ஒன்றைப் பணிவாகக் கேட்டு நடந்ததால் வந்த வினை. லாஜிக் இல்லாத படம் என்று யார் சொன்னது? லாஜிக்கைத் தலையில் சுமந்துகொண்டு இத்தனை படி இறங்கிய படம் இது.

படத்துக்குள் தபால்காரர் மட்டும்தான் இருக்கிறார் என்று மற்றவர்கள் நிம்மதியடைய வேண்டாம். அந்தப் படிக்கட்டில் வந்து போகிற ஒவ்வொருவருமே ஒரு பார்வையாளர்தான். முதலில் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு ஆயாம்மா வருகிறாள். அவளுக்கு வழிவிடப் போய்த்தான் பெட்டி கைநழுவி ஓடுகிறது. அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நம் வீட்டுக் குழந்தைகளின் கட்சி இவள். சிரித்ததற்குப் பின்பக்கத்தில் ஓர் உதை கிடைக்கிறது; அவளும் சும்மா போகவில்லை, பால் புட்டியை ஹார்டியின் தலையில் உடைத்துவிட்டுத்தான் போகிறாள். அடுத்து போலீஸ்காரர். எது நடந்தாலும் இது முறையா என்று கேட்கிற ரகம். பிறகு அந்தப் பேராசிரியர். பில்லி கில்பர்ட் நடித்த இந்த மனிதரின் பெயரையும் அதற்குப் பின்னால் தொங்கும் பட்டங்களையும் ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. என்னைப் போன்றவன் ஒதுங்கிப் போவதா, பெட்டியை நகர்த்து என்கிறார். கொஞ்சம் உலுக்கிப் பார்த்தால் இன்னும் ஒரு பட்டம் உதிரும் போலிருக்கிறது. லாரல் அவருடைய உயரத் தொப்பியைத் தட்டிவிடுகிறார். தொப்பி ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கித் தெருவுக்குப் போய், அதுவரை காத்திருந்ததுபோல் வருகிற லாரியின் சக்கரத்தில் சப்பையாகிறது. இந்த மாதிரி அற்பமான சிரிப்பு நமக்கு எதற்கு என்று கேட்கும் படித்த ரசிகருக்குப் படம் கொடுத்திருக்கும் ஆசனம் இந்தப் பேராசிரியருடையது. பியானோ போய்ச் சேர வேண்டிய வீடு அவருடையது என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

இங்கே கந்தசாமி ஒரு கனமான ஆட்சேபத்தை எடுத்து வைப்பார். “அடுத்தவன் விழுறதைப் பார்த்துச் சிரிக்கிறது நல்ல பழக்கமா?” கேள்வி நியாயமானது, பதில் ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பழைய இத்தாலியக் கோமாளி நாடகத்தில் இரண்டு மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு மட்டையை வைத்து அடித்துக்கொள்வார்கள். அடி பட்டதும் பட்டைகள் ஒன்றோடொன்று மோதி அரங்கமே அதிரும். வாங்கியவனுக்கு வலி பெரிதாக இருக்காது. சத்தம் ஊருக்கு, வலி யாருக்கும் இல்லை. இந்தப் படத்தில் அதே வேலையைப் பெட்டிக்குள் இருக்கும் பியானோ செய்கிறது. ஒவ்வொரு படியில் மோதும்போதும் உள்ளே கம்பிகள் எல்லாம் சேர்ந்து ஒரு முனகல் விடுகின்றன. ஹார்டியின் மேல் பெட்டி ஏறிப் போகும்போதும் நம் காதில் விழுவது பியானோவின் புலம்பல்தான். மனிதன் எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொள்கிறான். ஒரு வாழைப்பழத் தோலில் வழுக்கியவரை ஆஸ்பத்திரியில் காட்டுவதும், எழுந்து தொப்பி தேடுவதைக் காட்டுவதும் இரண்டு வேறு படங்கள். முதலாவதில் சிரிப்பவரைப் பற்றிக் கந்தசாமி கவலைப்படலாம்.

இவருடைய இன்னொரு புகார், “ஒரே சீனைத் திரும்பத் திரும்பக் காட்டுறான்.” கூடவே, “இப்ப விழும் பாரு, இப்ப விழும் பாரு” என்று ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே அறிவிப்பார். விழுந்ததும் சுற்றிலும் ஒரு பார்வை. தான் கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமை. பாவம், அது விழும் என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். எப்போது, யார் சொன்ன எந்த வார்த்தைக்காகக் கை நழுவும் என்பதில்தான் வித்தை இருக்கிறது. ஒரு தடவை வழிவிட்ட மரியாதையால் விழுகிறது. இன்னொரு தடவை கீழிருந்து போலீஸ்காரர் கூப்பிட்ட பயத்தால் கைவிட்டுப் போகிறது. உருண்டது ஒரே பெட்டிதான், உருட்டிய குணம் வேறு வேறு. ஆனாலும் படம் நிதானமாகப் போகிறது என்பதில் உண்மை இருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. ரோச் ஸ்டூடியோவில் படத்தை வெளியிடும் முன் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, அதற்குத் தகுந்தபடி வெட்டி ஒட்டுவார்கள். அந்த வேலையில் லாரலுக்குப் பெரிய பங்கு உண்டு. திரையில் அசடுபோல் தலை சொறிகிறவர்தான் எடிட்டிங் அறையில் விநாடிக் கணக்குப் பார்த்தவர். விழுந்து எழுந்த ஹார்டி கேமராவைப் பார்த்து, எனக்குக் கிடைத்த கூட்டாளியைப் பார்த்தீர்களா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்த நீளமான பார்வை அரங்கத்துச் சிரிப்பு அடங்குவதற்காக விட்ட இடைவெளி. ஆயிரம் பேர் சிரித்து முடிப்பதற்காக ஒதுக்கிய நேரத்தில், கந்தசாமி தனியாக ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, சிரிக்கவும் மாட்டேன் என்று உட்கார்ந்தால் படம் மெதுவாகத்தான் போகும். கல்யாணப் பந்தலில் ஒரே ஒருவர் உட்கார்ந்து, பந்தி ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பதுபோல.

வேறு சில கருத்துகளை வேகமாகக் கடந்துவிடலாம். “இதுதான் நம்ம கவுண்டமணி செந்தில்” என்பது ஒன்று. உருவத்தில் பொருத்தம் தெரிகிறது. ஆனால் கவுண்டமணிக்கு வாய்தான் ஆயுதம். செந்திலின் அப்பாவித்தனம் எரியும் திரி. ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழச் சண்டையை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பாதி போய்விடும். பியானோ படியில் உருள்வதை ஒலியில்லாமலும் பார்க்கலாம், பத்து வயதுக்காரன் ஆறு வயதுக்காரனுக்கு விளக்காமலே. இதற்கு மேல் ஒரு கருத்து இருக்கிறது, அதுதான் என்னை வெகுவாகக் கவர்ந்தது. இதே படிக்கட்டில் இதே இருவர் 1927-இல் ‘ஹேட்ஸ் ஆஃப்’ என்ற மௌனப் படத்தில் சலவை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அதன் பிரதி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. “அதுதான் ஒரிஜினல், இதெல்லாம் அதுக்குக் கிட்ட வராது” என்று சொல்லும் உயர்தரக் கந்தசாமிகள் இருக்கிறார்கள். படத்தைப் பார்க்காமல் கருத்துச் சொல்வது பலருக்கும் கைவந்த கலை. யாருமே பார்க்க முடியாத படத்தைப் பற்றிச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

நடுவில் யாராவது, “மாமா, இது ஆஸ்கர் வாங்கின படம்” என்று சொல்லிப் பாருங்கள். நகைச்சுவைக் குறும்படத்துக்கு முதன்முதலாக 1932-இல் அந்த விருதை ஏற்படுத்தியபோது வாங்கிய படம் இதுதான். 1997-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. சொன்ன மாத்திரத்தில் கந்தசாமியின் முகத்தில் தசைகள் தளர்வதைக் காணலாம். முறுக்கு தட்டிலிருந்து மேலே வரும். அடுத்த தடவை பெட்டி விழும்போது, “க்ளாசிக்!” என்று ஒரு சத்தம் கேட்கும். சிரிப்பு இல்லை, சான்றிதழ். அந்த ஆண்டு இதோடு போட்டியிட்டுத் தோற்ற படங்களில் ஒன்றின் பெயர் ‘தி லவுட் மவுத்’, தமிழில் சொன்னால் ஓட்டைவாய். இதை மட்டும் அவரிடம் சொல்லாமல் இருப்பது குடும்ப அமைதிக்கு நல்லது.

இந்த வாதத்தின் மேலேயே ஓர் ஆட்சேபம் வரலாம். படத்துக்குள் ஒரு தபால்காரரை வைத்துவிட்டால் படத்தைப் பற்றி யாருமே குறை சொல்லக் கூடாதா? சொல்லலாம். பெட்டி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு வரும் பகுதி படிக்கட்டுக்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம். குளத்தில் விழுவது கொஞ்சம் அதிகம். ஜன்னலுக்குக் கயிறு கட்டி இழுப்பதில் படிக்கட்டின் எளிமை இல்லை. படிக்கட்டுக்கு விளக்கமே தேவைப்படவில்லை: மேலே வீடு, கீழே பெட்டி, நடுவில் பூமியின் ஈர்ப்பு. வீட்டுக்குள் வந்ததும் ஆணி, விளக்கு, கம்பளம் என்று சாமான்கள் கூடிவிடுகின்றன. பியானோவை ஓடவிட்டு, அதன் பாட்டுக்குக் கால் தட்டிக்கொண்டே இருவரும் உடைசல்களைப் பொறுக்கிச் சுத்தம் செய்யும் அந்தச் சின்ன ஆட்டம் மட்டும் விதிவிலக்கு. குண்டான மனிதர் அவ்வளவு லேசாகக் கால் வைப்பதைப் பார்க்கவே மறுபடி போடலாம். பேராசிரியர் கோடரியோடு வந்து பியானோவை வெட்டும்போது, அது அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்க ஆரம்பிக்கிறது. மூவரும் விறைப்பாக நின்று மரியாதை செய்கிறார்கள். கீதம் முடிந்ததும் கோடரி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. தியேட்டரில் எழுந்து நின்று பழகிய கந்தசாமி இந்த ஒரு காட்சியில் லாஜிக் சரியாக இருக்கிறது என்று தலையாட்டுவார். ஆக, குறை சொல்வதில் தவறில்லை. இந்தக் குறைகள் படத்தைப் பார்த்துச் சொன்னவை. ரோடு இல்லையா என்ற கேள்வியைக் கந்தசாமி படத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. பியானோவை ஆர்டர் செய்தவர்போல் கேட்கிறார். பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்று அந்தக் கூடத்தில் நினைக்கும் ஒரே மனிதர் அவர்தான். யோசித்தால் கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கிறது.

படம் முடிந்தாலும் அவர் விட மாட்டார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனில் மேப்பைத் திறப்பார். லாஸ் ஏஞ்சலஸ், சில்வர் லேக் பகுதி, வென்டோம் தெரு. படிக்கட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. 133 படி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பார்க்க வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். படத்தில் வரும் அந்த வீடு மேலே கிடையாது, அது ஸ்டூடியோவில் போட்ட செட். விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார் கந்தசாமி. படிக்கட்டு போய் முடியும் இடத்தில், அவர் சத்தியம் செய்த இடத்தில், ஒரு கோடு வளைந்து செல்கிறது. ரோடு! காலையில் காபி வருவதற்குள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிவிடுவார். “நான் சொன்னேன்ல? பேரே போட்டிருக்கான் பாரு, டெஸ்கான்சோ டிரைவ்.” டெஸ்கான்சோ என்பது ஸ்பானியச் சொல், இளைப்பாறுதல் என்று அர்த்தம். நம் ஊரில் தலைச்சுமையோடு நடப்பவர்களுக்காகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்களே, அந்த மாதிரி ஒரு பெயர். பெட்டியை மேலே ஏற்றிய அந்த இருவருக்கும் அது வரைக்கும் வாய்த்தது. மூச்சு வாங்கிக்கொண்டுதான் நின்றார்கள். அப்போதுதான் தபால்காரர் வந்தார்.